நிலவின் மறுபக்கத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி

காங்கேயம்
5.6.2025

அன்புமணி மனைவி இளவேனிலுக்கு,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று பதினாறு வருடங்களுக்கு முன் சிவன்மலையில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தேன். அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எழுதுவது பேசுவதாகாது. இதை யாரிடமும் கேட்டு முடிவு செய்யவில்லை. நானே யோசித்து முடிவு செய்தேன்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று நினைப்பாய். நம் எண்ணெய் ஆலையில் வண்டி ஓட்டும் சுப்பண்ணனிடம், "அது இப்போ எந்த ஊர்ல இருக்குது?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். ஹூப்ளி, ரயில்வே குடியிருப்பு, கட்டட எண், பின்கோடு வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தான். உன் அம்மாதான் அவனுக்கு மனப்பாடம் செய்து கொடுத்திருக்க வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை ஒரு போன் வந்தது. கோயமுத்தூர் காலேஜில் உனக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஜபருல்லா. இத்தனை காலம் ஜெர்மனியில் மகனோடு இருந்துவிட்டு இப்போது துடியலூரில் குடியிருக்கிறாராம். அவர் சொன்னதைக் கேள்.

நிலவின் மறுபக்கத்தில், நாம் இங்கிருந்து எந்தக் காலத்திலும் பார்க்க முடியாத பக்கத்தில், ஒரு பள்ளம் இருக்கிறதாம். விண்கல் விழுந்து உண்டான பள்ளம். மிகவும் பழசு. விளிம்பெல்லாம் கரைந்து, அதன்மேல் வேறு பள்ளங்கள் விழுந்து, இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாத மாதிரி ஆகிவிட்டதாம். அது பள்ளம்தான் என்று முதலில் சொன்னது நீயாம், அவரிடம் படித்த காலத்தில். இப்போது தெளிவான படங்கள் வந்து நீ சொன்னது சரி என்று ஆகிவிட்டதாம். அதற்கு உன் பெயரை வைக்கும்படி, பெயர் வைக்கிற உலக அமைப்புக்கு எழுதப் போகிறாராம்.

"உங்க பொண்ணு பேரை நிலாவுல எழுதப் போறோமுங்க" என்றார்.

அதற்கு ஒரு விதி உண்டு. உயிரோடு இருப்பவர் பெயரை வைக்க மாட்டார்கள். செத்து மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அதனால் இறந்த தேதியை வீட்டார் உறுதிப்படுத்த வேண்டும் என்றார்.

நீ செத்துப்போனதாக அவருக்கு யார் சொன்னது என்று கேட்பாய். நான்தான் சொன்னேன். நம் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்களின் மகனோடு நீ போன பிறகு, அந்த மாதமே, உன்னைக் கேட்டுப் பேராசிரியர் நம் வீட்டுக்குப் போன் செய்தார். "ஷி எக்ஸ்பயர்டு" என்றேன். மறுநாள் காரில் ஓடி வந்தார். மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். காபி கொடுத்து அனுப்பினேன். உன் அம்மா அப்போது பொள்ளாச்சியில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு இது தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்ததும், நான் மொட்டை அடித்துப் பதினோராம் நாள் காரியம் செய்ததும் உனக்குத் தெரிந்ததுதானே. ஊருக்குச் சொன்னதைத்தான் அவருக்கும் சொன்னேன். ஆளுக்கு ஒன்று சொல்வது என் பழக்கம் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இடையில் நீ அவரிடம் போய் எதையாவது சொல்லி வைத்திருக்கிறாயா? அவர் பேச்சில் அப்படித் தெரியவில்லை. இருந்தாலும் தெரிந்துகொண்டு பதில் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

வே. லட்சுமணசாமி

•

ஹூப்ளி
14.6.2025

அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மாடிப்படியிலேயே கிழித்துப் படித்தேன். படித்து முடித்தும் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டம்மா கன்னடத்தில் என்ன ஆயிற்று என்றார். ஊரில் யாராவது இறந்துவிட்டார்களா என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

பேனர் எனக்குத் தெரியும். அன்புமணியின் நண்பர் அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய போட்டோவை அதில் போட்டிருந்தீர்கள். கோபத்தில் செய்கிறார், ஆறிவிடும் என்று அன்புமணிதான் எனக்கு ஆறுதல் சொன்னார். யாருக்கு நேர்ந்த அவமானத்துக்கு யார் ஆறுதல் சொன்னது என்று பாருங்கள்.

ஆனால் சார் வந்தது எனக்குத் தெரியாது.

நான் கடைசியாக அவரைப் பார்த்தபோது, "அகமதாபாத்தில் உனக்கு ஆராய்ச்சி இடம் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் வீட்டு நம்பருக்குக் கூப்பிடுகிறேன்" என்றார். நான் கொடுத்திருந்தது நம் வீட்டு நம்பர் ஒன்றுதான். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஓசூரில் ஒரு அறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இருந்தோம். வெளியே போகத் தைரியம் வந்த பிறகு காலேஜுக்குப் போன் செய்தேன். வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். காலேஜ் முகவரிக்கு எழுதிப் பார்த்தேன். பதில் இல்லை. சரி, நான் கல்யாணம் செய்துகொண்ட விதம் அவருக்கும் பிடிக்கவில்லை, கை கழுவிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். "படிச்சவரு, ஆனா இந்த விஷயத்துல அவரும் அவ்வளவுதான்" என்று அன்புமணியிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அந்த மனிதர் என் படத்துக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறார். நான் பதினாறு வருடமாகத் தப்பான ஆளின்மேல் கோபமாக இருந்திருக்கிறேன்.

அவர் கூப்பிட்டது அந்த இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லத்தானா? அதையாவது சொல்லவிட்டீர்களா?

நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை. அவர் நம்பரைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் செத்துப்போனேன் என்று சொன்னது உங்கள் வாய். உயிரோடு இருக்கிறாள் என்று அந்த வாயே சொல்ல வேண்டும். என்னிடம் பேச வேண்டாம். அவரிடம் சொல்லுங்கள். அது உங்கள் சத்தியத்தில் வராது.

இளவேனில்

•

காங்கேயம்
2.7.2025

அன்புமணி மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அகமதாபாத் விஷயம் எனக்குத் தெரியாது. அவர் எதற்குக் கூப்பிட்டார் என்று சொல்வதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். உள்ளே ஒன்றை வைத்து வெளியே ஒன்று எழுத எனக்கு வராது.

ஜபருல்லாவிடம் நீ இருக்கிறாய் என்று சொல்ல மாட்டேன். ஏன் என்று பொறுமையாகப் படி.

நான் எட்டாவதோடு நின்றவன். மோட்டார் காயில் கட்டியது, ஆலை போட்டது, அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேப்பர் படித்தது எல்லாம் நானாகக் கற்றது. அதேபோல இந்த ஒரு மாதமாக நிலாவைப் படித்தேன். மறுபக்கத்தை இருட்டுப் பக்கம் என்று பேக்கரிக்காரர் மகன் சொன்னான். "அடேய், அங்கயும் நம்மாட்டவே வெயிலு அடிக்குதுடா, நமக்குத் தெரியாததெல்லாம் இருட்டு ஆயிருமா?" என்று கேட்டேன்.

பேராசிரியர் படத்தை அனுப்பினார். பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ரசாக்கிடம் கொடுத்து ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினேன். ரசாக் பார்த்துவிட்டு, "பள்ளம் எங்கீங்கய்யா இருக்குது? உழுது போட்ட காடாட்டமல்ல இருக்குது" என்றான். எனக்கும் முதலில் தெரியவில்லை. நீ அன்று வரைந்து கொடுத்தபடியே அவர் சிவப்புக் கோட்டில் ஒரு வட்டம் போட்டிருந்தார். ஆலை ஆபீசில் மாட்டி வைத்து, கொப்பரை எடை போடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பார்த்தேன். வடமேற்கில் ஒரு சின்ன மேடு, தெற்கில் ஒரு வளைவு. மீதியை நாமே மனதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்போது கோடு இல்லாத படத்திலும் எனக்குத் தெரிகிறது. இதை நீ இருபத்து மூன்று வயதில் கண்டுபிடித்தாய் என்று நினைக்கும்போது திகைப்பாக இருக்கிறது. ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. காற்றும் மழையும் இல்லாத இடத்தில் விளிம்பு எப்படிக் கரையும்?

அந்தப் பள்ளம் இருக்கும்வரை உன் பெயர் இருக்கும். நான் போன பிறகும், இந்த ஊர் போன பிறகும் இருக்கும். அதற்குக் கேட்கிற விலை என்ன? ஒரு தேதி. 2009 ஆகஸ்ட் 12 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இறப்புச் சான்றிதழும் இருந்தால் நல்லது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். அந்தப் பையன் என்னையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பதிவு இல்லீங்களேய்யா, சட்டத்துல இடமில்லீங்களே" என்று மூன்று முறை சொன்னான். அது இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

யோசித்துப் பார். உயிரோடு இருந்து நீ என்ன கண்டாய்? ஹூப்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்ணாடி வில்லை பாடம் நடத்துகிறாயாம். செத்தால் நிலாவில் பெயர். வியாபாரிகள் சங்கத்தில் வரும் 20ஆம் தேதி விழா எடுக்கிறார்கள். பேராசிரியர் தலைமை. நீ செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

உன் அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அந்த வாத்தியாரு நம்மூட்டுக்கு வந்தாருங்களா? எப்போ வந்தாரு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். கையில் இருந்த தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, உசுரோட இருக்கிற புள்ளைக்குச் செத்த தேதி எழுதிக் குடுத்துபோட்டு, நீங்க எப்படீங்க சோறு திங்கறீங்க?" என்றாள். அவளுக்கு விஷயத்தின் பெருமை புரியவில்லை.

வே. லட்சுமணசாமி

•

ஹூப்ளி
9.7.2025

அப்பா,

உங்கள் கடிதத்தை அன்புமணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "உங்கப்பாவுக்கு உம்மேல எவ்வளவு பெருமை பாரு" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் கடிதம் வந்தபோது எனக்கும் ஆசை வந்தது. என் பெயரை நிலவின் வரைபடத்தில் நினைத்துப் பார்த்தேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதே நினைத்தேன். பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆகவே நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை என்று எண்ண வேண்டாம்.

உங்கள் சந்தேகத்துக்குப் பதில். அங்கே கரைப்பது காற்றும் மழையும் இல்லை. மணல் அளவுள்ள கற்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பொடி அளவுக்குத் தட்டிவிடும். கோடிக்கணக்கான வருடங்களில் மலைகூட வழுக்கையாகிவிடும். பக்கத்தில் பெரிய கல் ஒன்று விழுந்தால் அந்த மண்ணெல்லாம் இதன்மேல் வந்து மூடும். இந்தப் பள்ளத்துக்கு இரண்டும் நடந்திருக்கிறது. எனக்கு முன்னால் அந்த இடத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் சமவெளி என்று குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். இங்கே ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்த இடத்தில் இருக்கிறது என்று நான் எழுதினேன். சார் என்னை ஒரு மாதம் நம்பவில்லை. சண்டை போட்டேன். பிறகு ஒரு நாள் காலையில் வந்து, "இளவேனில், நேத்து ராத்திரி எனக்கும் தெரிஞ்சுதும்மா" என்றார். அதைவிடப் பெரிய பரிசை எந்தப் பள்ளத்தின் பெயரும் எனக்குக் கொடுத்துவிடாது.

எனக்குப் பதிமூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள். கனிஷ்கா. அம்மா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் கடிதம் மேஜையில் இருந்ததை அவள் படித்துவிட்டாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், இருந்தாலும் தேதியைப் படித்துவிட்டாள். "அம்மா, நீ 2009லயே செத்துட்டியா? அப்புறம் நான் எப்படிப் பொறந்தேன்?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு சாப்பிட வரவில்லை.

அவளுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை நீங்கள் எழுதி அனுப்புங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தத் தேதி நிற்குமானால் இவள் இல்லை. நாங்கள் அமைத்த குடும்பம் இல்லை. நான் நடத்திய ஒரு பாடமும் இல்லை. கண்ணாடி வில்லை என்று சொன்னீர்களே, அதுவும் இல்லை.

நான் சாகச் சம்மதிக்கவில்லை. விழாவை நிறுத்துங்கள். சாரிடம் சொல்லுங்கள்.

இளவேனில்

•

காங்கேயம்
22.7.2025

இளவேனிலுக்கு,

உன் அம்மா என்ன செய்துபோட்டாள் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அவள் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேள்.

விழாவை நிறுத்தும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. மண்டபம் நிறைந்திருந்தது. உன் படம் பெரிதாக, பக்கத்தில் நிலா, மேலே ‘நிலவில் நம் காங்கேயம்’. சங்கத் தலைவர் பேசினார். மறைந்தாலும் மறையாத புகழ் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பேராசிரியர் எழுந்து, நீ அவரிடம் சண்டை போட்ட கதையைச் சொன்னார். சொல்லும்போதே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சால்வை போட்டார்கள். பேராசிரியருக்கும் போட்டார்கள்.

அப்போது உன் அம்மா பெண்கள் வரிசையில் இருந்து எழுந்து மேடைக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அறுபத்தேழு வயதில் அவள் மைக் பிடித்ததே அதுதான் முதல் முறை.

"ஏனுங்க வாத்தியாரே, என்ற புள்ள சாகலீங்க. ஹூப்ளியில ஊட்டுக்காரரோடயும் குழந்தையோடயும் நல்லா இருக்குதுங்க. நீங்க அழுவாதீங்க" என்றாள்.

இவ்வளவுதான் சொன்னாள். மைக்கை நாற்காலியில் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்து, காது கிழிகிற மாதிரி சத்தம் போட்டது.

நான் எதிர்பார்த்தது கூட்டம் கொந்தளிக்கும் என்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பின்வரிசையில் யாரோ மெதுவாக, "அதானுங்க எல்லாருக்கும் தெரியுமே, அய்யா மனசு நோகக் கூடாதுன்னுதானுங்க…" என்றார். இத்தனை வருடம் இந்த ஊர் என் முகத்துக்கு நேராக, "பாவமுங்க, நல்ல புள்ளைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது மரியாதைக்காகவாம். சங்கத் தலைவருக்குத் தெரியும். ரசாக்குக்குத் தெரியும். அந்தக் கிராம நிர்வாக அலுவலருக்குக்கூடத் தெரியும். மண்டபத்தில் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர் பேராசிரியர் ஒருவர்தான்.

அவர் என்னிடம் வந்து நின்றார். என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடிந்தது. அதை நீ நம்ப மாட்டாய். "ஐயா, அன்னைக்கு எனக்குக் காபி குடுத்தீங்களே" என்றார். பிறகு, "உங்க வாயால சொல்லுங்க. பொண்ணு இருக்குதா, இல்லீங்களா?" என்று கேட்டார்.

"நான் சொன்னதைத் திருப்பிச் சொல்ற வழக்கம் இல்லீங்க" என்றேன்.

சால்வையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா உன் படத்தில் இருந்த மாலையைக் கழற்றி வாசலில் எறிந்திருந்தாள். சுப்பண்ணனோடு ஈரோட்டுக்குப் போய் ரயில் ஏறிவிட்டாளாம். அவன் என்னிடம் கேட்கவில்லை. ஆலை என்னுடையது, வண்டி என்னுடையது, அவன் அவளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். இரண்டு நாளாக மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். பரிமாறுகிற பையன்கூட என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று மட்டும் கேட்கிறான்.

உன் அம்மாவைத் திருப்பி அனுப்பு. அவளுக்குப் பிரஷர் மாத்திரை சமையலறை ஜன்னலில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.

வே. லட்சுமணசாமி

•

ஹூப்ளி
31.7.2025

அப்பா,

மாத்திரை இங்கே வாங்கிக் கொடுத்துவிட்டேன். அம்மா நலம். கதவைத் திறந்ததும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அன்புமணியைப் பார்த்து, "ஏனுங்க மாப்பிள்ளை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். அவர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். அன்புமணி அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

சார் பேசினார். அம்மா நம்பர் கொடுத்திருக்கிறார். "ஹலோ" என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். "இன்னொரு தடவை பேசும்மா" என்றார். பேசினேன். அகமதாபாத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் அன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார். கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்ததாம். நம் வீட்டுக்கு வந்தபோதும் பையிலேயே இருந்ததாம்.

பெயர் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுவிட்டார். அந்தப் பள்ளம் பெயர் இல்லாமல் இருக்கும். எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளத்தைப் பற்றிய கட்டுரையை இரண்டு பேரும் சேர்ந்து எழுதலாம் என்கிறார். பதினாறு வருடமாகத் தொடாத கணக்குகள். பயமாக இருக்கிறது. எழுதப் போகிறேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியது இது. நான் போனதற்கு நீங்கள் கோபப்பட்டீர்கள். அது உங்கள் உரிமை என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் போனில் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை என் உழைப்பை, நான் ஆகியிருக்க வேண்டிய ஒருத்தியை, முடித்துவிட்டது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயன்று பார்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மா வரமாட்டார். நான் உயிரோடு இருக்கிறேன் என்று நீங்கள் சாரிடம் வாயால் சொல்லும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டாராம். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் சொன்னதை எழுதச் சொன்னார், எழுதுகிறேன். எனக்கும் இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

இளவேனில்

•

காங்கேயம்
20.8.2025

இளவேனிலுக்கு,

கடைசிக் கடிதம் என்று எழுதிவிட்டாய். எழுத வேண்டாம். படித்தால் போதும்.

சொன்ன சொல்லை மாற்ற எனக்கு வராது. அறுபது வருடமாக வராதது இப்போது வந்துவிடாது. சிவன்மலையில் செய்த சத்தியத்தை உடைக்கவும் மாட்டேன். உன் கடிதம் வந்த நாளில் இருந்து இதற்கு வழி இல்லை என்றுதான் நினைத்தேன். ஆலையை மூடிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அகமதாபாத் கடிதம் சட்டைப் பையில் இருந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரிக்கு மேல் போக முடியவில்லை. அவர் அழுதபோது நான் அந்தச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை. பையில் ஒரு உறை துருத்திக்கொண்டு இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். இதையும் யாரிடமும் கேட்கவில்லை.

ரசாக்கிடம் போய் ஒரு பேனர் போடச் சொன்னேன். போட்டோவைக் கொடுத்தேன். அவன் போட்டோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏனுங்கய்யா, உங்களுதேங்களா?" என்றான். "ஆமா. கண்ணீர் அஞ்சலி. வே. லட்சுமணசாமி, எண்ணெய் ஆலை உரிமையாளர். மூக்குக்கிட்ட இருக்கிற மறுவை அழிச்சுப்போடாத" என்றேன். அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில், உன் பேனர் இருந்த அதே இடத்தில் கட்டினான்.

மறுநாள் பவானி கூடுதுறைக்குப் போனேன். மொட்டை அடித்துக்கொண்டேன். காரியம் செய்கிற ஐயர், "யாருக்குங்க?" என்றார். "லட்சுமணசாமிக்கு" என்றேன். "நீங்க என்ன உறவுங்க?" என்றார். "ரொம்ப நெருக்கமுங்க" என்றேன். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஆற்றில் முழுகி எழுந்தேன். ஆறு நிறையத் தண்ணீர் போகிறது. வயதான காலத்தில் வழுக்கிவிடாமல் இருக்கச் சுப்பண்ணன் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஊர் என்ன சொன்னது என்று உன் அம்மா கேட்பாள். ஒன்றும் சொல்லவில்லை. சங்கத் தலைவர் மாலையோடு ஆலைக்கு வந்தார். நான் ஆபீசில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தடுமாறினார். பிறகு மாலையை மேஜைமேல் வைத்துவிட்டு, "நல்ல மனுசருங்க. பிடிவாதம் மட்டும் கொஞ்சம் சாஸ்திங்க" என்றார். "ஆமாங்க, ரொம்பச் சாஸ்தி" என்றேன். அவருக்கும் ஒரு டீ சொன்னேன். குடித்துவிட்டுப் போனார்.

நேற்றுத் துடியலூருக்குப் போன் செய்தேன். நம்பரைப் பார்த்துவிட்டு எடுக்க மாட்டார் என்று தெரியும். பேக்கரி போனில் இருந்து கூப்பிட்டேன்.

"காங்கேயத்துல இருந்து பேசறேனுங்க. லட்சுமணசாமி காலமாயிட்டாருங்க" என்றேன்.

அவர், "எப்போங்க?" என்று பதறினார். குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இந்த மாசமுங்க. அவரு உங்ககிட்டச் சொன்னதெல்லாம் அவரோட போச்சுங்க. அந்தப் புள்ள இளவேனில் உசுரோட இருக்குதுங்க. எப்பவும் உசுரோடதான் இருந்துது. அன்னைக்கு நீங்க வந்தப்பவும் உசுரோடதான் இருந்துது. இதை உங்ககிட்ட வாயால சொல்லோணும்னுதான் கூப்பிட்டேன்."

பேக்கரியில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். கடைசியில் கேட்டார், "நீங்க யாருங்க பேசறது?"

"அந்தப் புள்ளையோட அப்பனுங்க" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

நீ மன்னிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நீ கேட்டதை வாயால் சொல்லியாயிற்று. உன் அம்மாவிடம் சொல். அவள் அடுப்பு மூட்டாவிட்டாலும் பரவாயில்லை.

சத்தியம் செய்தவன் போய்விட்டதால் இனி உன்னோடு பேசுவதற்குத் தடை ஏதும் இல்லை. வெள்ளிக்கிழமை ஈரோட்டில் ஏறி, பெங்களூரில் மாறி, சனிக்கிழமை வருகிறேன். அந்த வீட்டில் நான் சாப்பிடுவேனா என்று உன் அம்மா கேட்டிருப்பாள். செத்தவன் இலையில் வைத்ததைச் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். பேத்தியிடம் முன்கூட்டியே சொல்லி வை, மொட்டைத் தலையைப் பார்த்துப் பயப்படப் போகிறாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னாயே, அதை நேரில் சொல்லிக்கொள்கிறேன். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. பெங்களூர் போவதற்குள் யோசித்துவிடுவேன்.

கட்டுரை எழுதப் போவதாகச் சொன்னாய். படத்தில் தென்கிழக்கு விளிம்பை நீ தவறாகப் போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆள் உயரப் படத்தைச் சுருட்டி எடுத்து வருகிறேன். இது பற்றி உன்னோடு சண்டை இருக்கிறது.

கையெழுத்துப் போடவில்லை. செத்தவன் கையெழுத்து செல்லாது.